ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்காரர் பார்த்த மின்னல்

திருச்சிக்கு நாங்கள் போனது ஒரு சொற்பொழிவுக்காக. போன இடத்தில் என் வீட்டுக்காரரின் இடது கண் போய்விடுமோ என்று நடுங்க வேண்டியதாயிற்று. இதைக் கடைசிவரை மூடி வைத்துச் சொல்லும் பொறுமை எனக்குக் கிடையாது. மலேசியாவில், ஈப்போவில் காலமெல்லாம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். விடையை ஒளித்து வைத்து விளையாடுவது எனக்குப் பிடிக்காது.

வீட்டுக்காரர் பெயர் கணேசன். அவரும் வாத்தியார்தான், இயற்பியல். ஓய்வு பெற்ற பிறகு பாடம் நடத்த ஆளில்லாமல் எனக்கு நடத்திக்கொண்டிருந்தார். ஸ்ரீரங்கத்தில் ரங்கராஜன் என்று ஒரு பேராசிரியர். அவருக்கும் இவருக்கும் இணையத்தில் பல வருஷச் சண்டை. ஒளியின் வேகத்தில் ஒரு பொருள் நம்மை நோக்கி வந்தால் அது கண்ணுக்குத் தெரியுமா, தெரியாதா என்பதுதான் வழக்கு. கண்ணில் வந்து சேரும் கணத்திலாவது தெரியும் என்பது இவர் கட்சி. தெரியவே தெரியாது என்பது அவர் கட்சி. சொத்துத் தகராறுகூட இவ்வளவு காலம் இழுத்திருக்காது. கடைசியில் ரங்கராஜன், "நேர்லயே வாங்கோ, எங்க காலேஜ் பசங்க முன்னாடி பேசுங்கோ, தீர்த்துண்டுடலாம்" என்று தொலைபேசியில் கூப்பிட்டார். போனை வைத்த கையோடு இவர் பரண்மேலிருந்த பெட்டியை இறக்கிவிட்டார்.

விமானத்தில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தவர், திடீரென்று என் முழங்கையைப் பிடித்து உலுக்கினார்.

"ராணி, மின்னுச்சு!"

"எங்கே?"

"கண்ணுக்குள்ள. இடது ஓரத்துல. வில்லு மாதிரி வளைஞ்சு ஒரு கீற்று."

நான் பயந்துபோனேன். அவரோ வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார். விண்வெளிக்குப் போனவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போதே இப்படி மின்னலைப் பார்த்திருக்கிறார்களாம். ஒளியின் வேகத்தை நெருங்கி வரும் அண்டக் கதிர்த் துகள்கள் கண்ணைத் துளைத்துக்கொண்டு போகும்போது அப்படித் தெரியுமாம். விமானம் பறக்கும் உயரத்தில் அந்தக் கதிர்கள் தரையைவிட அதிகமாம். "எதைப் பத்திப் பேசப் போறேனோ அதையே பார்த்துட்டேன் ராணி. அந்த ரங்கராஜன் இனிமே என்ன சொல்லுவான்?" என்றார். எனக்கு அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. இவ்வளவு படித்த மனிதர் சொன்னால் நம்பாமல் வேறென்ன செய்ய?

சத்திரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கினோம். முதல் நாள் காலையில் கீழே இருந்த ஓட்டலில் இட்லியும் ரவா தோசையும். தோசை பொறுமையாகத்தான் வந்தது, ஆனால் வந்தபோது மன்னித்துவிட்டேன். காபியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் காபியை உலகமே புகழ்கிறது, நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் டின் பாலை ஊற்றிக் குடித்துப் பழகிய நாக்குக்கு, பித்தளை டபராவில் நுரை தளும்ப வந்த அந்தக் காபி ஒரு பாடம்தான். இரண்டாவது டம்ளர் சொன்னேன். இவர் காபியைக் குடிக்காமல் முகத்துக்கு முன்னால் கையை வீசிக்கொண்டிருந்தார்.

"என்னாங்க பண்றீங்க?"

"கொசு லா. குட்டி குட்டியா. திருச்சியில கொசு ஜாஸ்தி போல."

எனக்கு ஒரு கொசுவும் தெரியவில்லை. என் கண்ணாடி பழைய கண்ணாடி என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்ரீரங்கத்துக்கு ஆட்டோ வேண்டாம், பஸ்ஸில் போனால்தான் ஊர் தெரியும் என்று அடம்பிடித்து ஏற்றினார். ஏறும்போதே இடது பக்கமிருந்த கம்பியில் தோளை இடித்துக்கொண்டார். கோபுரம் ஒன்று கண்ணில் பட்டதும், "வந்தாச்சு, இறங்கு இறங்கு" என்றார். கண்டக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "எங்களுக்குத் தெரியும்ங்க" என்று இவர் இறங்கிவிட்டார். பஸ் போன பிறகு பூக்காரம்மா ஒருவரைக் கேட்டேன். "இது திருவானைக்காவல்ங்க. ஸ்ரீரங்கம் இன்னும் போகணும்" என்றார். உச்சி வெயிலில் தார் ரோட்டில் நின்றுகொண்டு நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்து என் வாயை அடைத்தார்.

மறுநாள் ரங்கராஜனே லாட்ஜுக்கு வந்து கோவிலுக்கு அழைத்துப்போனார். நெற்றியில் திருமண், சட்டைப் பையில் சாக்பீஸ். இப்படி ஒரு சேர்க்கையை நான் எங்கள் ஊரில் பார்த்ததில்லை. இரண்டு பேரும் முதல் பார்வையிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், அடுத்த நிமிஷமே சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். ரங்கா ரங்கா கோபுரத்துக்குக் கீழே நின்று துகளின் வேகம், பிம்பம், தூரம் என்று ஒரே இரைச்சல். செருப்பு விடும் இடத்தில் இருந்த அம்மா, "சாமி கும்பிட்டுட்டு வந்து சண்டை போடுங்கய்யா" என்று சொல்லிப் பார்த்தார்.

உள்ளே போகப் போக இருட்டு. வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் ஒன்றும் புலப்படவில்லை. சந்நிதியில் அர்ச்சகர் விளக்கைத் தூக்கிக் காட்டினார். அத்தனை நீளமாகப் படுத்திருக்கும் பெருமாளை ஒரே பார்வையில் பார்க்க முடிவதில்லை. விளக்கு போன இடம் மட்டும் தெரிகிறது. முதலில் முகம், பிறகு மார்பு, பிறகு பாதம். எனக்கு மெய் சிலிர்த்தது. கும்பிட்டுக்கொண்டு திரும்பினால், இவர் கண்ணை இறுக மூடி நிற்கிறார்.

"மறுபடியும் மின்னுச்சு ராணி. விமானத்துல பார்த்ததைவிடப் பெருசு."

ரங்கராஜன் கைகளைக் கூப்பிக்கொண்டார். "பெருமாள் கடாக்ஷம் ஓய்! எந்த சந்நிதியில உமக்கு இது கெடைச்சிருக்கு பாரும்!" என்றார். கூட்டம் தள்ளிக்கொண்டு வெளியே வந்ததும் பேராசிரியர் விழித்துக்கொண்டார். கூரையைத் துளைத்துக்கொண்டு மியூவான் என்ற துகள் வரும், கல் மண்டபமெல்லாம் அதற்கு ஒரு பொருட்டில்லை, இருட்டில் கண் பழகியிருந்ததால் தெரிந்திருக்கிறது என்று அவரே ஆதாரத்தை அடுக்கினார். தெரியாது என்று வருஷக்கணக்கில் சாதித்த மனிதர், ஒரே மின்னலில் கட்சி மாறிவிட்டார்.

சாப்பாடு அவர் வீட்டில், உத்தர வீதியில். அவர் மனைவி வைதேகி மாமி இலை போட்டு, "சாத்தமுது விடட்டுமா?" என்று கேட்டார். நான் ஏதோ பாயசம் என்று நினைத்து வேண்டாம் என்றேன். பிறகுதான் அது ரசம் என்று தெரிந்தது. பாயசத்துக்குத் திருக்கண்ணமுது என்று பெயராம். ரசத்தை இழந்த துக்கம் திருக்கண்ணமுதில் தீர்ந்தது. சாப்பிட்டு எழுந்து கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் ஆண்கள் இருவரையும் காணோம்.

மாமி சமையலறைக்குப் பின்னாலிருந்த அரிசி, பருப்பு வைக்கும் உள்ளறையைக் காட்டினார். கதவு சாத்தியிருந்தது. திறந்தேன். இருட்டில், இரண்டு பேரும் ஆளுக்கொரு மணையில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள்.

"கதவை மூடு! கண்ணு இருட்டுக்குப் பழகணும்" என்று என் வீட்டுக்காரர் கத்தினார்.

"எதுக்கு?"

"மின்னலை எண்ணப் போறோம்."

ரங்கராஜனுக்கு ஒரு மின்னலும் வரவில்லை. இவருக்கு வந்துகொண்டே இருந்தது. "உமக்குக் கண்ணுல பாக்கியம் இருக்கு" என்று அவர் பொறாமைப்பட்டார். மாமி என் காதருகில் வந்து, "இவா ரெண்டு பேருக்கும் வேற வேலையே கெடையாதா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்துக்கொண்டே, ஒரு கணக்கு உதைத்தது.

மூன்றாம் நாள் பழைய டவுனுக்குள் சுற்றினோம். மலைக்கோட்டைக்குக் கீழே கடைவீதியில் ஒரு சின்ன பாய் கடையில் சீரகச் சம்பா பிரியாணி. அரிசி ஒவ்வொன்றும் தனித்தனி, வாசனை தெருமுனை வரைக்கும். அங்கே உட்கார்ந்து நான் கேட்டுவிட்டேன்.

"வானத்துலேருந்து விழுற துகள் உங்க இடது கண்ணு மேலயே ஏன் விழணும்? வலது கண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?"

"இன்னும் போதுமான தடவை பார்க்கலை ராணி. நாணயத்தைச் சுண்டினா நாலு தடவை தொடர்ந்து தலை விழறதில்லையா? நீ கணக்கு டீச்சர், உனக்குத் தெரியாதா?"

"சரி, ரங்கராஜன் சாருக்கு ஏன் ஒண்ணும் தெரியலை?"

"அவன் கவனம் சிதறுற ஆளு."

"தலையைத் திருப்புறப்போதான் மின்னுதுன்னு நேத்து சொன்னீங்களே?"

"பிரியாணி ஆறுது, சாப்பிடு" என்றார். கண் டாக்டரைப் பார்ப்போம், தில்லை நகரில் தெருவுக்குத் தெரு ஆஸ்பத்திரி இருக்கிறதாமே என்றேன். "நாளைக்குப் பேச்சு முடியட்டும். முடிஞ்சதும் நீ எந்த டாக்டர்கிட்ட வேணாலும் கூட்டிட்டுப் போ" என்றார். சொல்லிக்கொண்டே இடது பக்கம் கையை வீசிக் கொசு விரட்டினார். கொசு எங்கும் இல்லை. இப்போது என் கண்ணாடியின்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. அன்று மாலை லாட்ஜில் அவர் பேச்சை ஒத்திகை பார்க்க, நான் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் காதில் வாங்காமல் கவலைப்பட்டேன்.

பேச்சு ஸ்ரீரங்கத்தில் கல்லூரி மண்டபத்தில், சாயங்காலம். பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். முன் வரிசையில் நானும் மாமியும். மைக்கைப் பிடித்துவிட்டால் என் வீட்டுக்காரர் ராஜா. அதில் எனக்கு எப்போதுமே பெருமைதான்.

"ஒரு பொருளைப் பார்க்குறதுன்னா என்ன? அதுலேருந்து கிளம்பின ஒளி நம்ம கண்ணுக்கு வந்து சேரணும். அவ்வளவுதான். இப்போ ஒரு வீட்டுக்கு மாமியார் வர்றாங்க. மாமியார் வர்றாங்கன்னு சொல்ல ஒரு பையன் முன்னால ஓடி வர்றான். மாமியார் நடந்து வந்தா, மருமகளுக்கு வீட்டைப் பெருக்க நேரம் கிடைக்கும். மாமியார் பையனைவிடக் கொஞ்சம்தான் மெதுவா ஓடி வர்றாங்கன்னா?"

"துடைப்பத்தை எடுக்கத்தான் நேரம் இருக்கும் சார்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபம் சிரித்தது.

"சரியா அதே வேகத்துல வந்தா?"

"ரெண்டு பேரும் ஒண்ணா வாசல்ல நிப்பாங்க சார்!"

"அதேதான்! அந்தப் பையன்தான் ஒளி. எடை உள்ள எந்தப் பொருளும் அந்த வேகத்தைத் தொட முடியாது. ஆனா கிட்டத்தட்டத் தொட்டுட்டா, அது வர்ற சேதியும் அதுவும் ஏறக்குறைய ஒண்ணா வந்து சேரும். தூரத்துல வர்றப்போ பார்க்கலாம்கற பேச்சுக்கே இடமில்லை. நம்மைத் தாண்டிப் போன பிறகு அது போறதை நிதானமாப் பார்க்கலாம். ஆனா உண்மையா போறதைவிட மெதுவா, பாதி வேகத்துல போற மாதிரிதான் தெரியும்."

கைதட்டல். அடுத்து விமானத்தில் பார்த்த மின்னலைச் சொல்லத் தொடங்கினார். அப்போதுதான் கவனித்தேன். அவருக்கு இடது கைப்பக்கம், சுவரோரம், ஒரு பெண் கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தாள். இவர் வலது பக்கம் கேள்வி வாங்கினார், நடுவில் வாங்கினார். அவள் கையை ஆட்டினாள். இவர் முகம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மேஜையில் இடது பக்கம் வைத்திருந்த தண்ணீர் டம்ளர், இவர் கை பட்டுக் கீழே விழுந்தது. அது அங்கே இருந்ததே தெரியாதவர் போல விழித்தார்.

ரங்கராஜன் எழுந்து, "சார், லெஃப்ட் சைடுல வையம்பட்டியிலேர்ந்து வர்ற பொண்ணு ரொம்ப நேரமா நிக்கறா" என்றார். இவர் உடம்பையே முழுசாகத் திருப்பித்தான் அவளைக் கண்டுபிடித்தார்.

அவள் கேட்டாள். "சார், அது கண்ணுல வந்து படுற வரைக்கும் தெரியாதுங்கறீங்க. வந்து பட்ட பிறகு, பார்க்கறதுக்குக் கண்ணு இருக்குமா சார்?"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. நான் எழுந்து நேரே மேடையில் ஏறிவிட்டேன். மலேசியாவிலிருந்து வந்த விருந்தாளி அம்மாள் இப்படிச் செய்வாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நான்கூட எதிர்பார்க்கவில்லை.

"வலது கண்ணை மூடுங்க."

"ராணி, என்ன இது, எல்லாரும் பார்க்கறாங்க..."

"மூடுங்கன்னா மூடுங்க! இங்க ஒரு பொண்ணு நிக்கறா. அவ முகம் தெரியுதா?"

மூடினார். நேரே பார்த்தார். மைக் வாய்க்கு எதிரிலேயே இருந்தது. அதனால் அவர் எனக்கு மட்டும் சொல்ல நினைத்தது மண்டபம் முழுவதும் கேட்டது.

"அந்தப் பக்கம் ஒண்ணும் இல்லை ராணி. கறுப்புத் துணி தொங்குற மாதிரி இருக்கு."

"எப்பலேருந்து?"

"காலையிலேருந்து. பேச்சு முடியட்டும்னு..."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் பண்ண இருந்த மனிதரை அங்கேயே நாலு அறை விட்டிருப்பேன். கையைப் பிடித்து இறக்கினேன்.

கல்லூரி வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறினோம். ஓட்டுநர் சாதிக் பாய், துபாயில் வண்டி ஓட்டிவிட்டு வந்தவர். தில்லை நகர், கண் ஆஸ்பத்திரி என்று ரங்கராஜன் சொன்னதும் வேறு கேள்வி கேட்கவில்லை. காவிரிப் பாலம் வரை பறந்தார். பாலத்தில் ஒரு லாரி பழுதாகி நிற்க, வண்டிகள் கோத்துக்கொண்டு கிடந்தன. முன்னாலும் வழியில்லை, பின்னாலும் வழியில்லை. எங்கள் ஊரில் என்றால் அவரவர் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பாட்டுக் கேட்போம். சாதிக் பாய் இறங்கி நடுப்பாலத்தில் நின்று கத்தினார்.

"அண்ணே, கண்ணு கேஸு! கொஞ்சம் ஒதுங்குங்கண்ணே!"

முன்னால் பைக்கில் இருந்தவர் அவருக்கு முன்னால் இருந்த கார்க்காரரிடம் கத்தினார், "கண்ணு கேஸாம்ங்க, ஒதுங்குங்க!" கார்க்காரர் பஸ் டிரைவரைக் கூப்பிட்டார். பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் குதித்து ஸ்கூட்டர்களைத் தூக்கி ஓரத்தில் வைத்தார்கள். ஒரு ஆட்டோ போக மட்டும் சந்து பிறந்தது. இவர் தலையைத் தூக்கி, "யாருக்கு ராணி கண்ணு கேஸு?" என்றார். அந்த நேரத்திலும் சிரித்துவிட்டேன், சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது.

தில்லை நகர் ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்ன வயசுப் பெண். சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரியும்வரை காக்க வைத்து, விளக்கை நெற்றியில் மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"மின்னல் மாதிரி எப்ப ஆரம்பிச்சது சார்?"

"விமானத்துல வர்றப்போ."

"கண்ணு முன்னாடி புள்ளி புள்ளியா, கொசு மாதிரி?"

"திருச்சி வந்த அன்னைக்கு."

"அன்னிக்கே வந்திருந்தா லேசர்லயே முடிச்சிருக்கலாமே. என்னன்னு நினைச்சிட்டு இருந்தீங்க?"

இவர் என்னைப் பார்த்தார், ரங்கராஜனைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அண்டக் கதிர்" என்றார்.

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "பவர் மாறிடுச்சுன்னு வந்தவங்க இருக்காங்க. கண் திருஷ்டின்னு வந்தவங்க இருக்காங்க. அண்டக் கதிர்னு வந்த முதல் ஆள் நீங்கதான் சார்" என்றார்.

பிறகு விளையாட்டுப் பேச்சு நின்றது. கண்ணுக்குள் இருக்கும் விழித்திரை கிழிந்து, சுவரிலிருந்து உரியத் தொடங்கிவிட்டது. அது இழுபடும்போது மூளை அந்த இழுப்பை வெளிச்சம் என்று எடுத்துக்கொள்கிறது. வெளியே எந்த வெளிச்சமும் கிடையாது, எந்தத் துகளும் கிடையாது. "நடுப்பகுதி இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கும்மா. அதுவும் விட்டுப்போச்சுன்னா முகம் தெரியாது, எழுத்து தெரியாது. நாளைக் காலையில முதல் ஆளா ஆபரேஷனுக்கு எடுத்துக்கறேன். அதுவரைக்கும் தலையை அசைக்காம படுத்திருக்கட்டும். நூத்துக்கு நூறுன்னு இப்ப நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

வராந்தாவில் ரங்கராஜன் பெஞ்சில் இடிந்துபோய் உட்கார்ந்தார். "நானும்னா கூட உக்காந்து எண்ணினேன்..." என்றார். படிச்சவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். எனக்கு வேறு வேலை இருந்தது. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அந்த வராந்தாவில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து பார்த்தேன். நாளை முதல் அவருக்கு உலகம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள. ஒரு நாற்காலியில் இடித்துக்கொண்டேன். அதன்மேலேயே உட்கார்ந்து அழுதேன்.

அறுவை சிகிச்சை முடிந்தது. கண்ணுக்குள் இருந்த கூழை எடுத்துவிட்டு, லேசரால் சூடு போட்டு ஒட்டி, அது பிடிக்கும்வரை அழுத்திக்கொண்டிருக்க உள்ளே ஒரு வாயுக் குமிழியை நிரப்பியிருந்தார்கள். மயக்க மருந்து கண்ணைச் சுற்றி மட்டும்தான், அவர் விழித்தே இருந்தார். அறைக்குக் கொண்டுவந்து விட்டதும், கட்டோடு குப்புறப் படுத்திருந்தவர் என் கையைத் தேடிப் பிடித்தார்.

"உள்ள கறுப்பா ஒரு குச்சி வந்துச்சு ராணி. என் கண்ணுக்குள்ள அது நடமாடுறதை நானே பார்த்தேன். ரொம்பப் பயந்துட்டேன்."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் வாயிலிருந்து பயம் என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. "நான்தான் வெளியில இருந்தேனே" என்றேன்.

குமிழி கரையும்வரை விமானம் ஏறக்கூடாது, மேலே போனால் வாயு விரியும், கண் தாங்காது என்றார் டாக்டர். "லாட்ஜாவது ஒண்ணாவது, ஆத்துக்கு வாங்கோ" என்று வைதேகி மாமி எங்களை ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துப்போய்விட்டார். சொற்பொழிவுக்கு வந்தவர்கள் குடித்தனக்காரர்கள் ஆனோம். காலையில் பால், பூ, தெருவில் மாடு, விடிவதற்கு முன்பே கோவில் சத்தம். மாமி காய் நறுக்க நான் தேங்காய் துருவினேன். சாத்தமுது வைக்கக்கூடக் கற்றுக்கொண்டேன்.

குமிழி மேலெழும்பிப் பின்சுவரை அழுத்த வேண்டும் என்பதற்காக என் வீட்டுக்காரர் இரவும் பகலும் குப்புறக் கிடந்தார். கட்டிலின் தலைமாட்டில் முகத்துக்கு மட்டும் இடைவெளி விட்டுத் தலையணை அடுக்கினோம். அவருக்குத் தெரிந்த உலகம் சிவப்புத் தரையும் எங்கள் பாதங்களும்தான். மெட்டியை வைத்து நான், மருதாணியை வைத்து மாமி, பித்தவெடிப்பை வைத்து ரங்கராஜன் என்று அடையாளம் கண்டுகொண்டார். இப்படி முகம் பார்க்காமல் பேசுவது ரங்கராஜனுக்கு ஒத்துவரவில்லை. ஒருநாள் பாயை விரித்துக் கட்டிலுக்கு நேர்க் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டார். மேலே ஒருவர் கீழே பார்த்து, கீழே ஒருவர் மேலே பார்த்து, மறுபடியும் அதே சண்டை. தெரியும். தெரியாது. தாண்டிப் போனால் தெரியும். மாமி காபியோடு வந்து பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார். எனக்கு அந்தச் சத்தம் வேண்டியிருந்தது. அவர் சண்டை போடாமல் கிடந்த நேரங்களில்தான் எனக்குப் பயமாக இருந்தது.

கட்டை எடுத்த பிறகும் அந்தக் கண்ணில் கலங்கல்தான். குமிழி சுருங்கச் சுருங்க, மேலேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிகிறது என்றார். என்ன தெரிகிறது என்று கேட்டால், "வெளிச்சம்" என்பார். அதற்குமேல் நான் துருவவில்லை. கேட்டால் எனக்காகக் கூட்டிச் சொல்லிவிடுவாரோ என்று சந்தேகம். நம்பிக்கையோடு தப்பாகச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பார்த்துவிட்டேனே.

குமிழி முழுவதும் கரைந்த பிறகு கடைசித் தடவையாகத் தில்லை நகருக்குப் போனோம். டாக்டர் உள்ளே அவரை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். எழுத்துப் பலகை, விளக்கு, மறுபடியும் எழுத்துப் பலகை. வெளியே வந்து, "ஒட்டிக்கிச்சும்மா. நடுப்பார்வை தப்பிச்சிருச்சு. ஓரத்துல கொஞ்சம் போனது போனதுதான். கண்ணாடி மாத்தணும்" என்றார். அவர் சொன்னது காதில் விழுந்தது. மனசு மட்டும் நம்பாமல் நின்றது. கணக்கில் சரிபார்க்காத விடையை நான் சரி என்று எழுதியதே கிடையாது.

சாதிக் பாய்தான் அழைத்துப்போக வந்திருந்தார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுங்கய்யா, அல்ஹம்துலில்லாஹ்" என்று வண்டியைக் கிளப்பினார். காவிரிப் பாலத்தில் அன்று நெரிசல் இல்லை, காற்று நன்றாக அடித்தது. இவர் பாலத்தின் நடுவில், வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு ஆற்றைப் பார்த்தார்.

"மணல்திட்டுல ரெண்டு பேர் நிக்கறாங்க. ஒருத்தர் தலையில மூட்டை" என்றார்.

எட்டிப் பார்த்தேன். இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் தலையில் மூட்டை இருந்தது.

"அங்க ஒரு கொக்கு. பறக்கப் போவுது. பறந்துருச்சு."

கொக்கு பறந்து போனது. நான் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டேன். வண்டிச் சத்தத்தில் என்னிடமிருந்து ஒரு சத்தமும் வந்திருக்காது, அதை உறுதியாகச் சொல்வேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினேன். உள்ளங்கையை வலது கண்ணிலிருந்து எடுக்காமலே அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் ராணி அழுவுறே?" என்றார்.